ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்

சைக்கிள் ஓட்டியே 2,905 ரூபாய் சம்பாதித்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அதில் எனக்குப் பயன்பட்டது 1,209 ரூபாய்தான், அதைப் பெறுவதற்காக என் பணத்தில் 4,800 ரூபாய்க்கு மேல் செலவழித்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால் உடனே நம்பிவிடுவார்கள். நான் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். பயணப்படி ரசீதில் பத்து ரூபாய் பிசகினாலும் திருப்பி அனுப்புகிறவள் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர் உண்டு. அப்படிப்பட்டவள் ஒரு கடையின் திட்டத்தில் சேரும்போது நிபந்தனைகளைக் கடைசிவரை படிக்கவில்லை. படித்த யாராவது அன்று பக்கத்தில் இருந்து சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2024 பிப்ரவரியில் இது ஆரம்பித்தது. வேளச்சேரியில் இருக்கிறோம். முழங்கால் வலிக்காக மருத்துவர் நடப்பதைக் குறைத்து சைக்கிள் ஓட்டச் சொன்னதில் பழக்கமானது. வாரநாட்களில் காலையில் பள்ளிக்கரணை பக்கம் ஒரு சுற்று, சனிக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலை. பக்கத்து நகரிலிருந்த ஒரு பெரிய விளையாட்டுப் பொருள் கடையில் டியூப் வாங்கப் போனபோது, பில் போடும் இடத்தில் அட்டை ஒன்று தொங்கியது. ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு ரூபாய் வரவு. கடையின் செயலியை இறக்கி, அதை ஸ்ட்ராவா போன்ற உடற்பயிற்சிச் செயலியோடு இணைத்துவிட்டால் போதும். நாம் ஓட்டுவது அங்கே பதிவாகும், மாதக் கடைசியில் கடைக் கணக்கில் வரவு ஏறும். ரொக்கமாகத் தரமாட்டார்கள், பொருள் வாங்கும்போது கழித்துக்கொள்ளலாம். எப்படியும் ஓட்டப்போகிறோம், வருவது வரட்டுமே என்றுதான் எனக்கும் தோன்றியது. கல்லா முன்னால் நின்றபடியே, பின்னால் இருந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்க, 'ஏற்கிறேன்' என்று நான்கு இடத்தில் தொட்டேன். அந்த நான்கில் ஒன்றுகூட என்னவென்று இன்றைக்கு ஞாபகம் இல்லை.

முதல் மாதம் 212 கிலோமீட்டர் ஓட்டினேன். வரவு பூஜ்யம். பத்து நாள் தேடியபிறகுதான் காரணம் புரிந்தது. பெண் என்பதால் என் பயணங்கள் எல்லாவற்றையும் 'நான் மட்டும் பார்க்கலாம்' என்று வைத்திருந்தேன். இரண்டு செயலிகளை இணைக்கும்போது வரும் அனுமதிப் பக்கத்தில், தனிப்பட்ட பயணங்களையும் மற்ற செயலிக்குக் காட்டலாமா என்று தனியாக ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இல்லையென்றால் அப்படிப்பட்ட பயணங்கள் கடையின் கண்ணுக்கே தெரியாது. நான் செய்த தவறு, அந்தக் கட்டத்தைத் தேடாமல் அவசரத்தில் எல்லாப் பயணங்களையும் ஊருக்கே திறந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து அலுவலகத்தில் ஒருவர், "மேடம், உங்கள் வீடு அந்தப் பிள்ளையார் கோயில் தெருவா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். அவர் நல்லவர்தான். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தினமும் காலை 5.20க்கு எந்த வாசலிலிருந்து தனியாகக் கிளம்புகிறேன் என்பதைப் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். 2018 ஜனவரியில், இதே ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் ஓடிய தடங்கள்கூட ஒளிக்கோடுகளாகத் தெரிந்து பெரிய செய்தியானது. முகாமுக்கே அந்தக் கதி என்றால் வேளச்சேரித் தெரு எம்மாத்திரம்? இணைப்பதற்கு முன்னால் செயலியின் அமைப்புகளுக்குள் போய், வீட்டைச் சுற்றி வரைபடத்தை மறைக்கும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். தொடங்கும் இடமும் முடியும் இடமும் மற்றவர்களுக்குத் தெரியாது. பயணங்களைத் தனிப்பட்டதாகவே வைத்துக்கொண்டு கடைக்கு மட்டும் அனுமதி கொடுக்கவும் முடியும். இதற்கு ஐந்து நிமிடம் போதும். எனக்கு ஒன்றரை மாதம் ஆனது.

மார்ச்சில் 340, ஏப்ரலில் 410, அக்னி நட்சத்திர மே மாதத்தில் 290 என்று வரவு ஏறத் தொடங்கியது. எண் ஏறுவதைப் பார்ப்பதில் ஒரு போதை இருக்கிறது, மறுக்கமாட்டேன். அதோடு எரிச்சலும் சேர்ந்தே வந்தது. ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை முட்டுக்காடு தாண்டிப் போய்த் திரும்பினேன். வீட்டில் வந்து பார்த்தால் பாலவாக்கத்துக்கு அப்புறம் சாலையே இல்லை, ஒரு நேர்கோடு. அது கடலோரம் கொஞ்ச தூரம் போய், முட்டுக்காட்டுக் கழிமுகத்தின்மேல் நான் சைக்கிளோடு பறந்துபோனதுபோல் விழுந்திருந்தது. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று கைபேசி அந்தச் செயலியைப் பாதி வழியில் தூங்கவைத்திருக்கிறது. கடை அந்தப் பயணத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருப்பவர்கள் இரண்டு இடத்தைப் பார்க்கவேண்டும். பதிவு செய்யும் செயலிக்கு இருப்பிட அனுமதி சரியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா, பேட்டரிச் சிக்கனக் கட்டுப்பாட்டிலிருந்து அதற்கு விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறதா. சில கைபேசிகளில் மென்பொருள் புதுப்பித்தல் வந்ததும் இரண்டாவது பழையபடி மாறிவிடுகிறது, எனக்கு ஆகஸ்டில் அப்படித்தான் ஆனது. இதற்குப் பயந்து 1,100 ரூபாய்க்கு பவர் பேங்க், 450 ரூபாய்க்கு ஹேண்டில்பாரில் கைபேசியை மாட்டும் பிடி என்று வாங்கினேன். ரூபாய்க்கு ஒரு கிலோமீட்டர் கணக்கில் அவற்றுக்கே 1,550 கிலோமீட்டர் மிதிக்கவேண்டும். அந்தக் கணக்கை நான் போடவில்லை. அலுவலகத்தில் என்றால் போட்டிருப்பேன்.

டீக்கடையில் நின்றால் ஒரு தொல்லை. கைபேசி சட்டைப்பைக்குள் சும்மா இருந்தாலும் ஜிபிஎஸ் இடத்தைச் சற்றே முன்பின்னாகக் காட்டும். வரைபடத்தில் பார்த்தால் டீக்கடைக்குள் எலி ஓடியதுபோல் கிறுக்கல். நின்ற நேரத்தைக் கழிக்காமல் மொத்த நேரத்தை எடுத்துக் கணக்கிட்டால் சராசரி வேகம் சரிந்துவிடும். எங்கள் திட்டத்தில் மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் கீழே போனால் நடை என்று தள்ளிவிடுவார்கள். நின்றால் தானாகப் பதிவை நிறுத்தும் வசதி செயலியில் இருக்கிறது. அதைப் போட்டுவைப்பது நல்லது. நான் என்ன செய்தேன் தெரியுமா? டீ குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். கோவளம் திருப்பத்தில் ஒரு அம்மா இஞ்சி தட்டிப் போட்டுத் தரும் டீக்காகவே முன்பு அவ்வளவு தூரம் போவேன். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் அவருக்குக் கையை ஆட்டிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன்.

மாதத்துக்கு அதிகபட்சம் 500 ரூபாய் என்பது வரம்பு. வரம்பு என்று ஒன்று இருந்தால் அதைத் தொட்டே ஆகவேண்டும் என்ற புத்தி எங்கிருந்தோ வந்துவிடுகிறது. ஜூலை 31 இரவு 494இல் நின்றது. ஒரு பயணம் குறைந்தது 5 கிலோமீட்டர் இருந்தால்தான் கணக்கு. இரவு பத்தே முக்காலுக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். எங்கள் அடுக்ககத்தைச் சுற்றி வந்தால் சரியாக 420 மீட்டர். பதினைந்து சுற்று. ஐந்தாவது சுற்றில் காவலாளி எழுந்து நின்றார். எட்டாவது சுற்றில் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து, "ஏதாவது தொலைந்துவிட்டதா அம்மா? நானும் தேடட்டுமா?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. மேலே வந்தபோது மாமியார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, அந்தக் கடைக்காரன் உனக்குக் கூலி கொடுக்கிறானா, இல்லை நீ அவனுக்கு வேலை செய்கிறாயா?" என்று கேட்டார். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். இந்தத் திட்டத்தைப் பற்றி அவரைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இதே யோசனையை ஒழுங்காகச் செய்த இடங்களும் உண்டு. இத்தாலியின் போலோன்யா நகரத்தில் 2017இல் 'பெல்லா மோசா' என்று ஒரு திட்டம் நடந்தது. காரை விட்டுவிட்டு நடந்தோ, சைக்கிளிலோ, பஸ்ஸிலோ போனால் செயலியில் புள்ளிகள். அவற்றைக் கொடுத்து உள்ளூர்க் கடைகளில் ஐஸ்கிரீமோ பீரோ சினிமா டிக்கெட்டோ வாங்கலாம். அங்கே புள்ளி தூரத்துக்கு இல்லை, பயணத்துக்கு. நெதர்லாந்தில் சைக்கிளில் வேலைக்கு வருகிறவருக்கு முதலாளி கிலோமீட்டருக்கு இத்தனை சென்ட் என்று வரியில்லாமல் கொடுக்கலாம், 2024இல் அது 23 சென்ட் வரை இருந்தது. அது பணம், எந்தக் கடையிலும் செல்லும். இரண்டிலும் மனிதர் எங்கேயோ போகவேண்டியிருக்கிறது, போகிறார். தூரத்துக்குக் காசு என்று ஆரம்பித்தால் என்னைப்போல் இரவு பதினொரு மணிக்கு அடுக்ககத்தைச் சுற்றுகிறவர்கள்தான் உருவாவார்கள். சேர்வதற்கு முன்னால் எதற்குப் புள்ளி தருகிறார்கள் என்பதைப் பாருங்கள். அதற்கேற்றபடிதான் நம் புத்தி வளையும்.

இனி செப்டம்பர் 28, சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை இரவு கணக்கில் 410 நின்றது. மகாபலிபுரம் போய்வந்தால் வரம்பைத் தொட்டுவிடலாம். பின்டயரின் பக்கவாட்டில் நூல் தெரிய ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. மாற்றவேண்டும் என்று தெரியும். ஆனால் இந்த வரவையெல்லாம் சேர்த்துவைத்து அதே கடையில் டயர், காலணி எல்லாம் ஒன்றாக வாங்கலாம் என்று இருந்தேன். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது பட்டிப்புலம் அருகே வெடிபோல் ஒரு சத்தம். பக்கவாட்டில் ஒரு அங்குலத்துக்கு டயர் வாய் பிளந்து, அதன் வழியே டியூப் கன்னம் உப்பியதுபோல் வெளியே வந்து வெடித்திருந்தது. மாற்று டியூப் கையில் இருந்தது. கிழிசலை உள்ளே மறைக்க ஏதாவது வேண்டும். இல்லையென்றால் புது டியூபும் அதே வழியாகப் பிதுங்கும். பத்து ரூபாய் நோட்டை நான்காக மடித்து உள்ளே வைத்து, மெதுவாகக் காற்றடித்தேன். ஏழு நிமிடம் தாங்கியது. அடுத்த பள்ளத்தில் அதுவும் போனது. நோட்டை வெளியே எடுத்துப் பார்த்தால் காந்தியின் முகத்தில் ஓட்டை.

காலை ஒன்பது மணி வெயில். அவ்வழியாக நண்டுக் கூடைகளை இறக்கிவிட்டுச் சும்மா திரும்பிக்கொண்டிருந்த குட்டியானை வண்டி ஒன்று நின்றது. "வேளச்சேரியா அக்கா, ஏறிக்கொள்ளுங்கள், 1,200 கொடுங்கள்" என்றார் ஓட்டுநர். 9.12க்குக் கைபேசியிலேயே பணம் அனுப்பினேன். இந்த நேரம் பின்னால் முக்கியமாகும். சைக்கிளைப் பின்னால் கட்டி, நான் முன்னால் உட்கார்ந்து, மீன்வாசனையில் கண் செருகியது. பதிவை நிறுத்த மறந்துவிட்டேன். நின்றால் தானாக நிற்கும், ஓடினால் தானாகத் தொடங்கும் அந்த வசதியைப் பிற்பாடு போட்டுவைத்திருந்தேனே, அது நன்றியோடு தன் வேலையைச் செய்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் 96 கிலோமீட்டர். அதில் 57 என் கால்களுடையது, 39 குட்டியானையுடையது. உச்சவேகம் மணிக்கு 68. பதிவு மேலேறிய நொடியிலேயே கடையின் செயலிக்கும் போய்விட்டது.

இங்கேதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். பதறிப்போய் அந்தப் பயணத்தை அப்படியே அழித்துவிட்டேன். தவறானது போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் கடையிலிருந்து மின்னஞ்சல்: வாகனத்தில் சென்ற பயணம் பதிவாகியிருப்பதால் விசாரணை முடியும்வரை கணக்கு முடக்கப்படுகிறது. நடந்ததை விளக்கிப் பதில் எழுதினேன். அதற்கு அவர்கள் கேட்டது, மூலப் பதிவை அனுப்புங்கள். அழித்துவிட்டேனே! ஸ்ட்ராவாவில் ஒருமுறை அழித்த பயணத்தை அவர்களாலும் மீட்டுத் தரமுடியாது. கடைக்காரர் பார்வையில் பார்த்தால், ஒருவர் ஏமாற்றப் பார்த்து, மாட்டிக்கொண்டதும் தடயத்தை அழித்ததுபோலத்தான் இருக்கும். எங்கள் அலுவலகத்தில் யாராவது ரசீதைக் கிழித்துப்போட்டுவிட்டு வந்து நின்றால் நானும் அப்படித்தான் நினைப்பேன்.

உங்களுக்கு இப்படி ஆனால் அழிக்காதீர்கள். பயணத்தின் முன்பகுதியையோ பின்பகுதியையோ வெட்டிவிடும் வசதி செயலியிலேயே இருக்கிறது. வாகனத்தில் வந்த பகுதியை மட்டும் வெட்டலாம். வெட்டுவதற்கும் முன்னால், கணினியில் உள்நுழைந்து முழுப் பதிவையும் ஜிபிஎக்ஸ் கோப்பாக (போன பாதையும் நேரமும் அடங்கிய கோப்பு) இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கடை கேட்பதற்கு முன்னால் நீங்களே முந்திக்கொண்டு எழுதுங்கள். வாகனத்தில் ஏறிய நேரம், இறங்கிய நேரம், இடம் ஆகியவற்றோடு இரண்டு வரி போதும். சைக்கிள் கணினியும் (ஹேண்டில்பாரில் மாட்டும் சின்னப் பதிவுக் கருவி) கைபேசியும் இரண்டும் ஓட வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஒரே பயணம் இரண்டு பதிவாகப் போய்ச் சேர்ந்தால் அதையும் ஏமாற்று என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. ஒன்றிலிருந்து மட்டும் பதிவு போகும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

முடக்கம் 47 நாள் நீடித்தது. பதினொரு மின்னஞ்சல்கள், ஆறு தொலைபேசி அழைப்புகள். ஒவ்வொரு அழைப்பிலும் வேறொருவர், ஒவ்வொருவரிடமும் குட்டியானையிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். ஒரு பெண், "குட்டியானை என்றால் மேடம்?" என்று கேட்டார். பின்னால் சரக்கு ஏற்றுகிற சின்ன வண்டி என்று விளக்கினேன். "அப்படியானால் நீங்கள் சைக்கிள் ஓட்டவில்லை, சரியா?" என்று குறித்துக்கொண்டார். மதிய உணவு இடைவேளையில் மொட்டைமாடிக்குப் போய்ப் பேசுவேன். வீட்டில் சொல்லவில்லை. 2,905 ரூபாய்க்காக ஒரு நடுவயதுப் பெண் மொட்டைமாடியில் நின்று தான் திருடவில்லை என்று நிரூபித்துக்கொண்டிருக்கிறாள் என்பதை யாரிடம் சொல்வது? பணம் போனதைவிட, எனக்கு வந்த மின்னஞ்சல் ஒன்றில் 'முறைகேடு' என்ற சொல் இருந்ததுதான் உறுத்தியது. நான் பிறருக்கு எழுதும் சொல் அது.

வழி திறந்தது இரண்டு காரியங்களால். ஓட்டுநருக்குப் பணம் அனுப்பிய யுபிஐ ரசீது, 9.12 என்று நேரம், தொகை எல்லாம் அதில் இருக்கிறது. கிழிந்த டயரை நான் கைபேசியில் எடுத்த படம், 8.51. இரண்டையும் வைத்து, ஏமாற்ற நினைத்தவள் 39 ரூபாய் வரவுக்காக 1,200 ரூபாய் வாடகை கொடுப்பாளா என்று ஒரு கேள்வியும் சேர்த்து எழுதினேன். அதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்து, அந்தப் புகார் எண்ணையும் மின்னஞ்சலில் குறிப்பிட்டேன். எது வேலை செய்தது என்று சொல்லமுடியாது, நான்காம் நாள் கணக்கு திறந்தது. நவம்பர் 14. இதைத்தான் முதல் வாரத்திலேயே செய்திருக்கவேண்டும். தொலைபேசியில் உருகிப் பேசுவதால் ஒன்றும் நடக்காது. நேரம் அச்சடித்த ஒரு காகிதம் நடத்தும்.

திறந்து பார்த்தால் 1,745 ரூபாய்தான் இருந்தது. விதிமீறல் நடந்த மாதம் என்று செப்டம்பரின் 410ஐ முழுதாக நீக்கியிருந்தார்கள். மிச்சம் 750 எங்கே? ஒவ்வொரு மாத வரவுக்கும் ஆறு மாதம்தான் ஆயுள். முடக்கத்தில் இருந்தபோதே மார்ச்சின் 340 செப்டம்பர் கடைசியிலும், ஏப்ரலின் 410 அக்டோபர் கடைசியிலும் காலாவதியாகிவிட்டன. முடக்கியவர்கள் நீங்கள்தானே, அந்த நாட்களைக் கூட்டித் தாருங்கள் என்று கேட்டேன். நிபந்தனை பதினேழாவது பத்தியைப் பார்க்கச் சொன்னார்கள். அன்றுதான் முதல்முறையாக நிபந்தனைகளை முழுவதும் படித்தேன். பதினேழில் நான் கேட்டதற்குப் பதில் இருந்தது. ஒன்பதில் அதைவிட மோசமான ஒன்று இருந்தது: ஒரு பில்லில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வரவைக் கழிக்கமுடியாது, தள்ளுபடி விலைப் பொருளுக்கும் சைக்கிளுக்கும் செல்லாது. என் 1,745 ரூபாயை முழுதாகப் பயன்படுத்த நான் 8,725 ரூபாய்க்குப் பொருள் வாங்கவேண்டும். அது கையில் இருக்கும் பணமே இல்லை. மறுபடி வா, வரும்போது பர்ஸைக் கொண்டுவா என்ற அழைப்பிதழ்.

தெரிந்தும் போனேன். மே மாதத்தின் 290 நவம்பர் 30ல் செத்துவிடுமே என்ற பதைப்பு. டயர் வாங்கலாம் என்றால் என் அளவு டயருக்கு அந்த வாரம் தள்ளுபடி, வரவு செல்லாது. ஹெல்மெட் 3,499, கையுறை 799, முன்விளக்கு 1,499 என்று 5,797 ரூபாய்க்கு எடுத்தேன். 1,159 ரூபாய் கழிந்தது, 4,638 ரூபாய் கட்டினேன். வீட்டில் ஏற்கெனவே நல்ல விளக்கு இருக்கிறது. அதே ஹெல்மெட்டை எங்கள் தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர் 2,900க்கு வைத்திருப்பதைப் போன மாதம்தான் பார்த்திருந்தேன். கழிந்த 1,159இல் ஹெல்மெட் விலை வித்தியாசம் 599 போனால் மிச்சம் 560. தேவையில்லாத விளக்கின் விலை 1,499. எட்டு மாதம் மிதித்ததற்கு 939 ரூபாய் நஷ்டம், அதுவும் பவர் பேங்கையும் பிடியையும் சேர்க்காமல். இந்தக் கணக்கைப் பில்லின் பின்பக்கத்திலேயே பேனாவால் போட்டு, மடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.

இந்த மாதிரித் திட்டம் எதிலாவது சேருகிறவர்கள் மூன்று எண்களை மட்டும் முதலில் தேடிக் கண்டுபிடியுங்கள்: வரவு எத்தனை மாதம் உயிரோடு இருக்கும், ஒரு பில்லில் எத்தனை சதவீதம் கழியும், எந்தப் பொருளுக்குச் செல்லாது. இவை அட்டையில் பெரிய எழுத்தில் இருக்காது. வரவைச் சேர்த்துவைக்கவே வைக்காதீர்கள். எப்படியும் வாங்கவேண்டிய டியூபோ செயின் எண்ணெயோ வாங்கும்போது அவ்வப்போது கழித்துவிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். எல்லாம் வேறொரு நிறுவனத்தின் செயலியை நம்பி நிற்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். 2024 நவம்பரில் ஸ்ட்ராவா தன் நிபந்தனையை மாற்றி, ஒருவருடைய பயண விவரத்தை மற்றச் செயலிகள் அவருக்கு மட்டுமே காட்டலாம் என்று சொன்னது. டிசம்பரில் எங்கள் திட்டத்தின் தரவரிசைப் பட்டியல் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல்போனது. அதில் பதினான்காவது இடத்தில் இருந்தேன் என்பதை யாரும் இப்போது நம்பவேண்டிய அவசியமில்லை.

டயரைத் தெருமுனைக் கடையில்தான் மாற்றினேன். கடைக்காரர் பழைய டயரைப் புரட்டிப் பார்த்து, "இதை வைத்துக்கொண்டா மகாபலிபுரம் போனீர்கள்? உயிர் மேல் ஆசை இல்லையா அம்மா?" என்று திட்டினார். நோட்டு வைத்த கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு, பழைய டயர்த் துண்டு ஒன்றை உள்ளங்கை அளவுக்கு நறுக்கிக் கையில் கொடுத்தார். இனிமேல் இதை உள்ளே வையுங்கள், நோட்டு தாங்காது என்றார். காசு வாங்கவில்லை. அது இப்போது என் சேணப்பையில் இருக்கிறது.

2025 பிப்ரவரிக் கடைசி வாரம் அந்தப் பெரிய கடைக்கு ஒருமுறை போனேன். கணக்கில் 500 ரூபாய் இருந்தது, 28ஆம் தேதியோடு போய்விடும். மொத்தத்தையும் கழிக்க 2,500 ரூபாய்க்கு வாங்கவேண்டும். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு 249 ரூபாய்க்கு ஒரு பித்தளை மணி எடுத்தேன். 49 ரூபாய் 80 காசு கழிந்தது. பில் போட்ட பையன் திரையைப் பார்த்துவிட்டு, "மேடம், இன்னும் 450 ரூபாய் இருக்கிறதே, வேறு ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று அக்கறையாகக் கேட்டான். வேண்டாம் தம்பி என்றேன். வெளியே வந்து கைபேசியில் இரண்டு செயலிகளுக்கும் இடையே இருந்த இணைப்பைத் துண்டித்தேன். கடைச் செயலியை நீக்கினால் மட்டும் அது போகாது. ஸ்ட்ராவாவின் அமைப்புகளுக்குள் போய் அங்கே அனுமதியை ரத்து செய்யவேண்டும்.

பயணங்களை இன்னும் பதிவு செய்துகொண்டுதான் இருக்கிறேன். பழக்கம் போகவில்லை. போன சனிக்கிழமை கோவளத்தில் அந்த அம்மாவிடம் டீ குடித்தேன். "எங்கே இவ்வளவு நாளாக ஆளையே காணோம்? அந்தப் பக்கமாகப் பறந்துகொண்டே போனாயே" என்றார். வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பார்த்தேன். டீக்கடை இருக்கும் இடத்தில் எலி ஓடியதுபோல் ஒரு கிறுக்கல். நாற்பது நிமிடம் உட்கார்ந்திருக்கிறேன்.